சட்டையில் ஆப்பிரிக்க மழை

சங்கிலிமுத்து வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தால், வள்ளித்தாய் அதை உடனே வாளியில் போடமாட்டாள். பின்வாசல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டு, சட்டையின் கழுத்துப் பட்டையை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். பிறகுதான் சோப்புத் தண்ணீர். பதினோரு வருடமாக இதில் ஒரு நாள் தப்பியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்கூட, "சட்டையை இங்கன போடுங்க" என்று பாயிலிருந்தே கை நீட்டியிருக்கிறாள்.

இதைப் பார்த்த தெருப் பெண்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். "புருசன் வேர்வை அம்புட்டு மணக்குதோ?" என்று குழாயடியில் கேலி பேசினார்கள். வள்ளித்தாய் குனிந்த தலை நிமிராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் சட்டையில் தேடியது கந்தகத்தை.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ஆள் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்தாலும் கழுத்து மடிப்பில் கந்தகம் ஒளிந்திருக்கும். வேர்த்தால் அது சட்டைக்கு ஏறிவிடும். பாக்கெட் போடுகிறவன் சட்டையில் காகிதமும் பசையும்தான் மணக்கும். சங்கிலிமுத்து பாக்கெட் பிரிவில் இருந்தான். இனிமேல் கலவை ரூமுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று குலசாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். சத்தியத்தை சாமி பார்த்துக்கொள்ளும் என்று வள்ளித்தாயால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் ஒரு மூச்சு அவளும் பார்த்துக்கொண்டாள்.

அவளும் ஒரு காலத்தில் பட்டாசு வேலைக்குப் போனவள்தான். சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. மழை விட்ட ஒரு காலையில் ஒன்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுத்தொழுவத்தில் நாள்பட்ட மூத்திரம் தேங்கினால் கண்ணைக் கரிக்குமே, அந்த மாதிரி ஒரு நெடி லேசாக அவள் மூக்கில் ஏறியது. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள் சூடு பிடித்தால் வருகிற நெடி அது. எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பத்துப் பேருக்கு முன்னால் குரல் எழும்பாது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது எழும்பாத குரல், அன்றைக்கும் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்த இன்னும் ஐந்து பேர் எழுந்து பின்னால் வந்தார்கள். இரண்டு பேர், "இவளுக்கு மூக்கு நீளம்" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடந்தவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ரூம் இல்லை.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் ஒரு பேச்சு பரவியது. வள்ளித்தாய் வெளியே உட்கார்ந்திருந்தால் நீ உள்ளே போகாதே என்றார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு பேரின் சிரிப்புதான் கேட்டது. அதோடு பட்டாசு வேலையை விட்டுவிட்டாள். சங்கிலிமுத்து சூடத்தை அணைத்ததும் அப்போதுதான்.

ஒன்பது வருடம் வீட்டோடு இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் சிவகாசியில் ஒரு அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆர்டர். கண்ணாடிச் சீசாவில் வாசனை எண்ணெய் ஊற்றி, மூடி போட்டு, எட்டுப் பிரப்பங்குச்சியைத் தனியாகக் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து குச்சியைச் செருகி வைத்தால் வீடு முழுக்க மணக்குமாம். வெடிக்கிற பொருள் எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் முதல் ஒரு மாதம் வள்ளித்தாய் வாசல் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் உட்கார்கிறவள் செல்வலட்சுமி. அவள் புருசன் பாண்டியும் சங்கிலிமுத்துவும் ஒரே கம்பெனி, ஒரே வேனில் போய்வருகிறவர்கள். செல்வலட்சுமி வாய் ஓயாமல் பேசுவாள். வள்ளித்தாய்க்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

பெட்டியில் ஒரு மலை, அதன் தலையில் புகை, கீழே காய்ந்த புல்வெளி, குடை விரித்த மாதிரி ஒரு மரம், சிவப்புக் கட்டம் போட்ட துணி போர்த்திய ஆட்கள் கையில் கம்போடு நிற்கிற படம்.

"ஏ மாரி, இது ஆப்பிரிக்கான்னு சொன்ன. மரம் நம்ம வெம்பக்கோட்டை ரோட்டு உடைமரம்ல?" என்றாள் செல்வலட்சுமி.

மாரிசெல்வி சூப்பர்வைசர். அச்சுத் தொழில் படித்த பெண், இருபத்துநாலு வயது. பெட்டிக்குள் வைக்கிற துண்டுத்தாளை எடுத்து அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "அங்கன மசாய்னு மாடு மேய்க்கிற சனம் இருக்காகக்கா. அவுக கதையில ரெண்டு சாமி. ஒண்ணு கருப்பு, ஒண்ணு சிவப்பு. கருப்பு சாமி மழையும் புல்லும் குடுக்கும். சிவப்பு சாமிக்கு எந்நேரமும் கோவம்."

"நம்ம கருப்பசாமி அம்புட்டுத் தூரம் போயிட்டாரா? டிக்கெட்டு யாரு எடுத்தா?"

"கேளுங்கக்கா. இடி கிட்டக்க இடிச்சா, சிவப்பு சாமி சனத்தைக் கொல்ல எறங்குதுன்னு அர்த்தமாம். தூரத்துல உறுமுனா, கருப்பு சாமி குறுக்க நின்னு 'விட்டுரு, கொல்லாதே'ன்னு மறிக்குதுன்னு அர்த்தமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. சீசாவைத் திறந்து முகர்ந்தாள். வெயிலில் காய்ந்த புல், மாட்டுக்கொட்டகைப் புகைமூட்டம், ஏதோ ஒரு மரத்துப் பிசின், எல்லாவற்றுக்கும் கடைசியில் சுடுமண்ணில் விழுந்த முதல் மழை. நல்ல வாசனைதான். ஆனாலும் அவள் உடனே மூடியைத் திருகிவிட்டாள். மழை விட்ட காலையின் வாசனை அவளுக்கு வேறு ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவரும்.

நாலைந்து நாள் கழித்து முற்பகலில் எங்கேயோ தூரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம். தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. ஷெட்டில் இருபது பெண்களின் கையும் அப்படியே நின்றது. எந்தத் திசை என்று ஒருத்தி கேட்டாள். தெற்கே என்றாள் இன்னொருத்தி. தெற்கே என்றால் சங்கிலிமுத்துவும் பாண்டியும் வேலை பார்க்கிற வெம்பக்கோட்டைப் பக்கம். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

"தூரத்துச் சத்தந்தானக்கா. கருப்பு சாமி மறிச்சிருக்கும்" என்றாள் மாரிசெல்வி ஆறுதலாக.

வள்ளித்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இவர்களுக்குத் தூரமாகக் கேட்டது வேறு யாருக்கோ கிட்டத்தில் இடித்திருக்கும். பன்னிரண்டரைக்கு சங்கிலிமுத்து போன் செய்யும்வரை ஒரே சீசாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்குவாரியில் வைத்த வெடி என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த ஆவணியில்தான் சட்டை மாறியது.

ஒரு சாயங்காலம் கழுத்துப் பட்டையை முகர்ந்தபோது காய்ந்த புல்லும் முதல் மழையும் வந்தன. தன் சேலையின் மணம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டு மறுபடி முகர்ந்தாள். அப்போதும் மழைதான். மறுநாளும் அதே மாதிரி. காகிதமும் இல்லை, பசையும் இல்லை, கந்தகமும் இல்லை. சட்டை முழுக்க ஆப்பிரிக்கா.

மூக்கு போய்விட்டது என்று வள்ளித்தாய் நினைத்தாள். நாள் முழுக்க ஒரே வாசனையில் கிடந்தால் மூக்கு மரத்துப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படிப்பு இல்லை, பேச்சு இல்லை. அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த மூக்கு ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். பெருங்காயம் தெரிந்தது. வேப்பெண்ணெய் தெரிந்தது. நேற்று அரைத்த மாவு புளிக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுப்பதும், அதற்கு அடுத்த வீட்டில் பால் அடிப்பிடிப்பதும் தனித்தனியாகத் தெரிந்தன. மூக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் கோளாறு சட்டையில்.

இப்போதுதான் நிஜமான பயம் வந்தது. வேலைச் சேலையை வெளிக்கொடியிலேயே மாற்றிப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, அதற்குப் பிறகு அவன் வருகிற நேரத்துக்குக் காத்திருந்தாள். சட்டை வந்தது. மழையும் வந்தது. டி.வி. ஸ்டாண்டுக்கு மேலே பார்த்தாள். லேபிள் கோணலாக ஒட்டியதால் கழித்த சீசா ஒன்றை மே தினத்துக்கு மாரிசெல்வி கொடுத்திருந்தாள். வீட்டுக்குள் அந்த வாசனை வேண்டாமென்று வள்ளித்தாய் மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாள். எண்ணெய் இப்போது இரண்டு விரல்கடை குறைந்திருந்தது.

அவன் தூக்குவாளிப் பையின் பக்கவாட்டில் கைவிட்டாள். கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்து டப்பா ஒன்று கிடைத்தது.

"இது என்ன?"

சங்கிலிமுத்து சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "கண்ணு எரியுதுளா. அதுக்குத்தான்."

வள்ளித்தாய் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். புல்லும் புகையும் மழையும் அடுக்களைக்குள் எழுந்தன. அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"எத்தனை நாளா?"

"ஆவணி பிறந்ததுல இருந்து."

"சூடத்தை அணைச்சீகளே."

"கலவைக்கு ஆளு இல்ல. ஏறுனா வேலை, ஏறாட்டி வீட்டுக்குப் போன்னுட்டாரு போர்மேன். அம்பத்திரண்டு வயசுல நான் எங்கன போயி நிக்க?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தூங்குவியா? வேன் நிக்கிற எடத்துல எறங்கி ரெண்டு சொட்டுத் தடவிட்டு வருவேன். உன் பயத்துக்குத்தான்ளா அந்த எண்ணெயி." அவன் குரல் தாழ்ந்தது. "தீபாவளி வரைக்கும். பிறகு எறங்கிருவேன்."

தீபாவளிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. சீசன் நாட்களில்தான் லோடுக்கு அவசரப்படுத்துவார்கள், சீசன் நாட்களில்தான் மழையும் வரும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. வள்ளித்தாய் உலை வைத்தாள். அரிசியைக் கழுவினாள். கழுவிய அரிசியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. எங்கே போகிறோம், போய் என்ன செய்யப்போகிறோம் என்ற யோசனை எதுவும் இல்லாமல் ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

கம்பெனியைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன ரூம்கள். கலவை ரூம் எல்லாவற்றையும் விட்டு விலகி மூலையில் தனியாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிடுவார்கள். வள்ளித்தாய் வேலிக்கு வெளியே, அந்த மூலை தெரிகிற மாதிரி ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்தாள். அருகில் இருந்தால் பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்ட கை நடுங்கியது.

கலவை ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அதில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சங்கிலிமுத்துவுக்கு உதவிக்கு வந்த பாண்டி தகட்டில் கை வைத்தான். நிமிர்ந்தான். வேலிக்கு வெளியே பார்த்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"அண்ணே, மதினி வெளிய உக்காந்திருக்காக."

சங்கிலிமுத்து திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்தது. பாண்டிக்கு வேறு விஷயம் புரிந்தது. அவன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். பக்கத்து ரூமுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். "அது யாரு, வள்ளித்தாயா?" என்று ஒருத்தி கேட்டது வேலிவரை கேட்டது. அப்புறம் யாரும் எந்த ரூமுக்குள்ளும் போகவில்லை.

போர்மேன் அய்யாதுரை வேகமாக வேலிக்கு வந்தார். "என்னத்தா, இங்கன உக்காந்திருக்க?"

"சும்மாதான் அண்ணாச்சி."

"காலங்காத்தால கம்பெனி வேலியில சும்மா வந்து உக்காருவாகளா யாராவது? என்ன வாசம் வருது? மறைக்காமச் சொல்லு."

"ஒண்ணும் வரல அண்ணாச்சி."

அது உண்மைதான். நிஜமாகவே எதுவும் வரவில்லை. அய்யாதுரை அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்த்தது. "கையி இந்த ஆட்டம் ஆடுது. ஒண்ணும் வரலங்கிற" என்றவர் திரும்பி நின்று கத்தினார். "ஏலே பாண்டி, எல்லாரும் மரத்தடிக்கு வாங்கலே!"

தனக்கு என்ன நடக்கிறது என்பது வள்ளித்தாய்க்கு மெதுவாகத்தான் விளங்கியது. ஒன்றுமில்லை, உள்ளே போங்கள் என்று உரக்கச் சொன்னால் எல்லாரும் போய்விடுவார்கள். சங்கிலிமுத்துவும் போவான். அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை சொல்லவில்லை. டிரம் டிரம்மாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக, உலர்ந்து இருந்தன. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்றைக்குக் கலவை இல்லை. கலவை இல்லாததால் மருந்து அடைக்கிற ரூம்களிலும் வேலை இல்லை.

சாயங்காலம் சங்கிலிமுத்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். "உன் மூக்கை வச்சுக் கம்பெனியவே பூட்டிருவ போல. நாளைக்கி வராத. சீட்டைக் கிழிச்சிருவாக."

"கிழிக்கட்டும்."

"எனக்குப் பயமா இருக்குளா."

"எனக்கும்தான்."

இரண்டாம் நாளும் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாளும் யாரும் தகட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அய்யாதுரை ரோட்டில் காத்திருந்தார். அவருக்கு யார் சொன்னார்களோ, அவள் எதற்காக வந்து உட்காருகிறாள் என்பது தெரிந்திருந்தது.

"இந்தா பாருத்தா. ஒன் வீட்டுக்காரரை இன்னைக்கே காகிதக் குழாய் உருட்டுற பக்கம் மாத்திட்டேன். அங்கன மருந்தே கெடையாது. சீசன் முடிஞ்சாலும் மறுபடி ஏத்தமாட்டேன். ஆனா நீ இனிமே இந்த வேலிப் பக்கம் வந்து உக்காரக்கூடாது. உக்காந்தா அவர் பழைய எடத்துக்குப் போவாரு. சம்மதமா?"

"சம்மதம் அண்ணாச்சி."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அவன் இடத்துக்கு யார் போவார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, தோன்றியும் கேட்கவில்லை.

மறுநாள் ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். செல்வலட்சுமி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கேலி இல்லை, பேச்சு இல்லை. பத்துச் சீசா மூடினார்கள். பிறகு செல்வலட்சுமி, கையில் இருந்த குச்சிக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எம் புருசனைத்தான் கலவைக்கு ஏத்தியிருக்காகக்கா. பாத்துப் பழகுன ஆளு வேற யாரும் இல்லையாம்."

வள்ளித்தாய் சீசாவைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கி எம் புருசனுக்கும் வந்து உக்காருவியா?"

சுற்றிலும் புல்லும் புகையும் மழையும் மணந்தன. வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. செல்வலட்சுமி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தன் குச்சிக் கட்டுகளையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எழுந்து, பெட்டி மடிக்கிற மேசைக்குப் போய்விட்டாள்.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. சங்கிலிமுத்து காகிதக் குழாய் உருட்டுகிறான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. வள்ளித்தாய் அந்த வேலிப் பக்கம் போகவில்லை. செல்வலட்சுமி இன்றுவரை அவளோடு பேசவில்லை. தூரத்தில் எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் இரண்டு மேசையிலிருந்தும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறார்கள். பாண்டி வாரத்தில் ஆறு நாள் காலையில் கலவை ரூமுக்குப் போகிறான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.